கலைக்காத தொட்டி மண்

கஞ்சாச் செடியை அறைக்குள் விளக்கொளியில் வளர்ப்பவர்களிடம் நெடுநாளாக ஒரு பழக்கம் இருந்தது. அறுவடை முடிந்ததும் தொட்டியைக் கவிழ்ப்பார்கள். வேர்ப்பந்தோடு மண்ணை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த பயிருக்குப் புது மூட்டையைப் பிரிப்பார்கள். நாற்றிலிருந்து அறுவடை வரை மூன்று நான்கு மாதம்தான் ஆகிறது. ஆக ஒரே தொட்டிக்கு வருடத்தில் மூன்று முறை மண் மாறும். சத்தெல்லாம் உறிஞ்சப்பட்டுவிட்டது, இனி இது செத்த மண் என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

அது சரியான காரணம் இல்லை. அறுவடைக்குப் பிறகு மண்ணில் சத்து குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் குறைந்த சத்தைத் திரும்பப் போடுவது எளிது. மேலே இரண்டு கை மட்கிய உரம் தூவினால் போதும். நம்மால் போட முடியாத ஒன்றும் அந்த மூன்று மாதத்தில் மண்ணுக்குள் உருவாகியிருக்கிறது. வேர் துளைத்த வழிகள், மண்துகள்களை ஒட்டவைத்த பிசின், பூஞ்சை இழைகளின் வலை, மண்புழு போட்ட பாதை என்று எல்லாம் சேர்ந்த ஒரு கட்டமைப்பு அது. தொட்டியைக் கவிழ்க்கும்போது இடிந்துபோவது அதுதான். இதைப் புரிந்துகொண்டவர்கள் மண்ணைத் தூக்கிப் போடுவதை மட்டுமல்ல, கிளறுவதையும் நிறுத்தினார்கள். செடியை மண்மட்டத்தில் அறுத்துவிட்டு, வேரை அப்படியே உள்ளே விட்டு, பக்கத்தில் அடுத்த நாற்றை நட்டார்கள்.

இந்த முறை சட்டம் அனுமதிக்கும் இடங்களில்தான் வெளிப்படையாக வளர்ந்தது. உருகுவே 2013லும், கனடா 2018 அக்டோபரிலும், ஜெர்மனி 2024 ஏப்ரலிலும் சொந்தப் பயன்பாட்டுக்குச் சில செடிகள் வளர்க்க அனுமதித்தன. கனடாவின் தேசியச் சட்டப்படி வீட்டுக்கு நான்கு செடி, ஜெர்மனியில் வயது வந்த ஒருவருக்கு மூன்று. பல நாடுகளில் இது இன்றும் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் மண்ணைப் பற்றி இவர்கள் கற்ற பாடம் ஒரு செடியோடு நிற்பதில்லை. தக்காளி, மிளகாய், துளசி என்று தொட்டியில் எதை வளர்த்தாலும் பொருந்தும்.

மண்ணைத் தூக்கி எறியும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளிவாகும். கடையில் 'தொட்டி மண்' என்று விற்கும் கலவையில் பெரும்பாலும் மண்ணே கிடையாது. 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பூட்லி, ஷெல்ட்ரேக் என்ற இருவர் பீட் பாசியோடு (சதுப்பு நிலத்தில் பாதி மட்கிப் படிந்த பாசி) வெர்மிகுலைட் அல்லது பெர்லைட் என்ற, சூட்டில் பொரித்த இலேசான கனிமங்களைச் சேர்த்த மண்ணில்லாக் கலவைகளை உருவாக்கினார்கள். இலேசானது, எங்கே செய்தாலும் ஒரே தரம், நோய்க்கிருமி குறைவு. நாற்றங்கால் தொழிலுக்கு அது பெரிய வரம். ஆனால் அந்தக் கலவையின் வேலை செடியைத் தாங்குவதும் நீரைப் பிடித்து வைப்பதும்தான். சாப்பாடு வெளியிலிருந்து கரைசல் உரமாக வரும். ஒரு பயிருக்குப் பிறகு உரத்தின் உப்பு படிந்து, பீட் நொறுங்கி, கலவை கெட்டுப்போகும். அப்போது எறிவதுதான் முறை. அதாவது எறிவதற்கென்றே செய்த பொருளுக்கு உரிய விதியை, உயிருள்ள இயற்கை மண்ணுக்கும் அப்படியே பொருத்திவிட்டார்கள்.

பீட் பாசியை நினைத்தால் இந்த எறிதல் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. சதுப்பு நிலத்தில் பீட் படிவது வருடத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். ஒரு சாண் உயரத் தொட்டியை நிரப்பும் பீட், இருநூறு வருடம் படிந்த அடுக்கு. அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை குப்பையில் கொட்டுவது எந்தக் கணக்கிலும் சரி வராது.

இப்போது ஒரு தொட்டியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். செடியை அறுத்து ஆறேழு வாரம் ஆகியிருக்கிறது. பக்கத்தில் புது நாற்று முழங்கால் உயரம் வந்துவிட்டது. மேலே கிடக்கும் வைக்கோல் மூடாக்கை விரலால் விலக்கினால், கடுகளவுகூட இல்லாத வெள்ளைப் பூச்சிகள் துள்ளி ஓடும். அவை மட்கும் பொருளையும் பூஞ்சையையும் தின்பவை. செடிக்குக் கெடுதல் இல்லை. பழைய தூரைப் பிடித்து மெதுவாக அசைத்தால் பலமில்லாமல் ஆடும். இன்னும் சில வாரம் பொறுத்து இழுத்தால், நடுக்கட்டை மட்டும் கையோடு வந்துவிடும். வேரின் தோல் ஓர் உறைபோல மண்ணுக்குள்ளேயே நிற்கும். அந்தத் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். உட்சுவர் கறுத்து, ஈரமாக, வழவழப்பாக இருக்கும். அங்கங்கே வெள்ளை இழை, ஓரத்தில் மண்புழு எச்சம். புது நாற்றின் வேர் ஒன்று அந்தப் பழைய வழியிலேயே இறங்கிக்கொண்டிருப்பதைப் பல தடவை பார்க்கலாம். புதிதாகத் துளைப்பதைவிட முன்பே திறந்திருக்கும் வழியில் போவது வேருக்கு எளிது. அங்கே காற்றும் உண்டு, நீரும் இறங்கும், மட்கிய வேரின் சத்தும் உண்டு.

எல்லா வேரும் ஒரே வேகத்தில் மட்குவதில்லை. முடிபோன்ற சன்ன வேர்கள் சில வாரத்தில் காணாமல் போகும். தூருக்கு அடியிலுள்ள கட்டை வேரில், மரத்துக்குக் கடினம் தரும் லிக்னின் அதிகம், அதைப் பூஞ்சைதான் மெதுவாகக் கரைக்க வேண்டும். பழைய வேர் அழுகிப் புதுச் செடியைக் கெடுத்துவிடாதா என்று பலர் கேட்பார்கள். காற்றோட்டமுள்ள மண்ணில் நடப்பது மட்குதல். அழுகல் நாற்றம் வருவது காற்றில்லாத, நீர் தேங்கிய மண்ணில். தொட்டியை முகர்ந்தால் மழை பெய்த மண்வாசனை வர வேண்டும். முட்டை நாற்றம் வந்தால் குற்றம் பழைய வேரில் இல்லை, வடிகாலில் இருக்கிறது.

வேரைச் சுற்றி என்ன நடக்கிறது என்பதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட அறிவு நம்மிடம் இருக்கிறது. வேரும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உறவுக்கு 'மைக்கோரைசா' என்று ஆல்பர்ட் ஃபிராங்க் பெயர் வைத்தது 1885ல். வேரை ஒட்டிய மண் மற்ற மண்ணைவிட வேறானது, நுண்ணுயிர் நெரிசல் மிக்கது என்று கண்டு அதற்கு 'ரைசோஸ்பியர்' என்று லோரன்ஸ் ஹில்ட்னர் பெயர் வைத்தது 1904ல். செடி தான் ஒளியில் சமைத்த சர்க்கரையில் கணிசமான பங்கை வேர் வழியே மண்ணுக்குள் கசியவிடுகிறது. அதைத் தின்று பாக்டீரியா பெருகும். பாக்டீரியாவை ஒற்றைசெல் உயிர்களும் நூற்புழுக்களும் தின்னும். பாக்டீரியாவின் உடலில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிக அதிகம். தின்னும் உயிருக்கு அவ்வளவும் தேவைப்படாது. மிச்சத்தை அது அம்மோனியமாக வெளியே விடும், வேருக்குப் பக்கத்திலேயே. செடி சர்க்கரை கொடுத்துத் தழைச்சத்து வாங்கிக்கொள்கிறது என்றே சொல்லலாம்.

கஞ்சாவும் இந்த வேர்ப்பூஞ்சை உறவு உள்ள செடிதான். பூஞ்சை இழை வேரைவிடப் பல மடங்கு மெல்லியது; வேர் நுழைய முடியாத நுண்துளையிலும் புகுந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொண்டுவரும். மண்ணைக் கிளறினால் இந்த இழைவலை அறுந்துபோகும். பூஞ்சை செத்துவிடாது, வித்துகளிலிருந்தும் வேர்த்துண்டுகளிலிருந்தும் மறுபடி முளைக்கும். ஆனால் மறுபடி வலை பின்ன வாரங்கள் ஆகும். நான்கு மாதமே வாழும் செடிக்கு அந்த வாரங்கள் பெரிய இழப்பு. கலைக்காத தொட்டியில் புது நாற்றின் வேர், ஏற்கனவே விரித்திருக்கும் வலையில் போய்ச் சேர்ந்துகொள்கிறது.

வயலில் இதையே இயற்கை விவசாயி மசானபு ஃபுகுவோகா ஜப்பானில் உழாமல் நெல்லும் பார்லியும் விளைவித்துக் காட்டினார். நெல் நிற்கும்போதே பார்லியும் வெள்ளைக் கிளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடியும் தூவி, அறுத்த வைக்கோலை அதே நிலத்தில் பரப்பினார். அறைக்குள் தொட்டி வைத்திருப்பவர்கள் செய்வது இதன் சிறுவடிவம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். இந்த முறைக்குச் சின்னத் தொட்டி ஒத்துவராது. பத்து லிட்டர் தொட்டியில் மண்ணுயிர்கள் நிலைப்பது கடினம். ஒருநாள் காய்ந்தாலே பாதி போய்விடும். ஐம்பது அறுபது லிட்டருக்குக் குறையாத துணித்தொட்டியோ, இன்னும் நல்லது, நாலைந்து செடி சேர்ந்து நிற்கும் ஒரே அகலப் படுகையோ வேண்டும். முதல் கலவையை ஒரே ஒருமுறைதான் செய்யப்போகிறோம், அதனால் அதில் அவசரம் கூடாது. பீட் அல்லது தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நல்ல மட்கு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, காற்றோட்டத்துக்கு ஒரு பங்கு என்பது பலரும் பின்பற்றும் அளவு. காற்றோட்டப் பொருளில் நான் பியூமிஸ் என்ற, நுண்துளை நிறைந்த எரிமலைக் கல்லைத்தான் சொல்வேன். பெர்லைட் நாளடைவில் நொறுங்கும், நீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வரும். உமி ஓரிரு வருடத்தில் மட்கிவிடும். பியூமிஸ் பல வருடம் கல்லாகவே இருக்கும். பீட் புளிப்பானது, சுண்ணாம்புத்தூள் சேர்க்காமல் அதில் செடி வைக்க முடியாது. நார்க்கழிவில் சோடியமும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) ஒட்டியிருக்கும், கழுவிப் பயன்படுத்த வேண்டும்.

அறுவடை நாளில் செய்ய வேண்டியது சொற்பம். தூரை மண்மட்டத்தில் வெட்டுங்கள், பிடுங்காதீர்கள். மூடாக்கை ஒதுக்கி, மண்புழு உரத்தை ஒரு விரற்கடை கனத்துக்குப் பரப்புங்கள். அதோடு வேப்பம் பிண்ணாக்கு, கடற்பாசித் தூள் போன்றவற்றைக் கொஞ்சம் தூவலாம். மூடாக்கைத் திரும்ப மேலே இழுத்துவிடுங்கள். பழைய தூருக்கு ஒரு சாண் தள்ளி, நாற்று நுழையும் அளவுக்கு மட்டும் குழி எடுத்து நடுங்கள். அவ்வளவுதான். உரத்தை மண்ணுக்குள் கலக்க வேண்டாமா என்றால், வேண்டாம். மண்புழுவும் நீரும் அதைக் கீழே கொண்டுபோகும். மூடாக்காகப் போடும் வைக்கோல் போன்ற கார்பன் மிகுந்த பொருளை மண்ணுக்குள் கலந்தால், அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இளம்செடி வெளிறும். மேலே கிடந்தால் அந்தப் பிரச்சினை மேல்தோலோடு நின்றுவிடும்.

மூடுபயிராகக் கிளோவர் விதைப்பார்கள். அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துப் பக்கத்துச் செடிக்கு உடனே ஊட்டுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. பிடித்த தழைச்சத்தைப் பெரும்பாலும் அது தன் உடலிலேயே வைத்துக்கொள்ளும். நறுக்கி மேலே போட்டு மட்கிய பிறகுதான் மற்றதற்குக் கிடைக்கும். ஆனாலும் கிளோவர் இருக்கட்டும் என்றே சொல்வேன். அதன் வேர் மண்ணை உயிரோடு வைத்திருக்கிறது. ஒரு பயிருக்கும் அடுத்ததற்கும் இடையில் சர்க்கரை கசிவது நிற்காது.

நீர்தான் இதில் மிகவும் கவனிக்க வேண்டியது. கரைசல் உரத்தில் வளர்ப்பவர்கள் தொட்டியை நன்றாகக் காயவிட்டு, பிறகு நிறைய ஊற்றுவார்கள். இங்கே அது ஆகாது. கைப்பிடி மண்ணை அழுத்தினால் ஒட்டி நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. அந்த ஈரம் எப்போதும் இருக்க வேண்டும். காய்ந்த பீட் நீரை ஏற்காது. நானே ஒரு தக்காளித் தொட்டியில் இதைப் பார்த்தேன். இரண்டு வாரம் ஊரில் இல்லாமல் திரும்பி வந்து ஊற்றினேன். நீர் ஓரமாக இறங்கி அடியில் ஓடிவிட்டது. மேல்மண் நனைந்ததுபோலத் தெரிந்தது. விரல் நுழைத்தால் உள்ளே ஒரு சாண் ஆழத்துக்குத் தூள். மண்புழு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துத்தான் அதை மறுபடி ஈரமாக்க முடிந்தது. பயிர் இல்லாத நாளிலும் தொட்டிக்கு நீர் வேண்டும் என்பதை அதற்குப் பிறகு மறந்ததில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, கலைக்காமல் விட்டால் மண் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தொட்டி வயல் இல்லை. வயலுக்கு அடியில் ஆழமான நிலம் இருக்கிறது, மேலே மழை பெய்கிறது, உபரி உப்பு கீழே கழுவிப்போகிறது. தொட்டிக்கு அடி உண்டு, சுவர் உண்டு. அளவோடு ஊற்றி அடியில் ஒழுகாமல் வளர்க்கும்போது, உள்ளே போனது எதுவும் வெளியே போக வழியில்லை, அறுவடையோடு போவதைத் தவிர.

முதலில் மணிச்சத்தைப் பாருங்கள். செடி எடுக்கும் தழைச்சத்து, மணிச்சத்தைப் போலப் பல மடங்கு. தொழு உரத்திலும் மட்கிலும் இந்த விகிதம் அப்படி இல்லை; மணிச்சத்து ஒப்பீட்டில் அதிகம். தழைச்சத்துக் கணக்குப் பார்த்து ஒவ்வொரு பயிருக்கும் மட்கு போட்டுக்கொண்டே போனால், நாலைந்து பயிரில் மணிச்சத்து குவிந்துவிடும். குவிந்தால் என்ன? துத்தநாகமும் இரும்பும் செடிக்குக் கிடைப்பது குறையும். அதைவிட முக்கியமாக, மணிச்சத்து தாராளமாக இருக்கும் மண்ணில் செடி பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். எந்த வலையைக் காப்பாற்றக் கிளறாமல் விட்டோமோ, அதை உரம் போட்டே ஒடுக்குகிறோம். பூக்கும் பருவத்துக்கென்று எலும்புத்தூளை அள்ளிப் போடும் வழக்கத்தை நான் எதிர்ப்பது இதனால்தான். சில பயிர்களுக்குப் பிறகு மட்கைக் குறைத்து, மணிச்சத்து குறைவான பிண்ணாக்கு வகைகளுக்கும், அறுத்த செடியின் இலைகளையே மூடாக்காகத் திருப்பிப் போடுவதற்கும் மாறுவது நல்லது.

அடுத்தது உப்பும் காரமும். கடின நீரில் வரும் பைகார்பனேட் ஒவ்வொரு ஊற்றலிலும் மண்ணைக் காரத்தின் பக்கம் தள்ளும். மண்ணின் அமில கார அளவு (pH) 6.2க்கும் 6.8க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. ஏழைத் தாண்டினால் புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக மஞ்சளாகும். உடனே இரும்புக் கரைசலைத் தேடி ஓடுவார்கள். இரும்பு மண்ணிலேயே இருக்கும், கரையாமல் கிடக்கும். மழைநீரோ வடிகட்டிய நீரோ பிடித்து ஊற்றுவது அதைவிட உருப்படியான மருந்து. சோடியம் ஏறியிருந்தால் ஜிப்சம் உதவும், ஆனால் ஜிப்சம் சோடியத்தைத் துகளிலிருந்து பிரிக்க மட்டுமே செய்யும்; பிரிந்ததை அடிவழியே கழுவி வெளியேற்ற ஒருமுறையாவது நிறைய நீர் விட வேண்டும். வருடம் ஒருமுறை மண் பரிசோதனை செய்வது இந்த முறையில் ஆடம்பரம் இல்லை. உரம் வாங்கும் பணத்தில் முதலில் ஒதுக்க வேண்டியது அதற்குத்தான்.

மூன்றாவது கனஉலோகம். இதைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை. கஞ்சா இனச் செடி மண்ணிலிருந்து காட்மியம், ஈயம் போன்றவற்றை இழுத்து வைத்துக்கொள்ளக்கூடியது. இந்தத் தன்மையை நம்பித்தான் 1998ல், அணுஉலை விபத்து நடந்த செர்னோபிலுக்குப் பக்கத்தில் மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்ய நார்க்கஞ்சாவை நட்டுப் பார்த்தார்கள். பாறை மணிச்சத்தில் இயற்கையாகவே காட்மியம் உண்டு. 'இயற்கை உரம்' என்று எழுதியிருப்பதால் அது இல்லாமல் போகாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் மண்ணில் இது சிறிய விஷயம். பத்துப் பயிர் எடுக்கும் மண்ணில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேரும். கலிஃபோர்னியாவில் கடைக்கு வரும் பூவை ஆர்சனிக், காட்மியம், ஈயம், பாதரசம் என்ற நான்கிற்கும் சோதிக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் வளர்ப்பவருக்கு அந்தக் காவல் இல்லை, அதனால் எதை உள்ளே போடுகிறோம் என்பதில் அவரே கண்டிப்பாக இருக்க வேண்டும்.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். எந்தத் தொட்டியிலும் நீர் வடிந்த பிறகு அடியில் ஒரு நனைந்த அடுக்கு நின்றுவிடும். அதன் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் பருமன். அடியில் ஜல்லி போட்டாலும் மாறாது. பீட்டும் மட்கும் வருடக்கணக்கில் நொறுங்கிப் பொடியாகும்போது அந்த அடுக்கு மேலே ஏறும், வேருக்குக் காற்று குறையும். மண்மட்டம் சில விரற்கடை இறங்கியிருப்பது இதன் வெளி அடையாளம். வேரும் மண்புழுவும் பொடியைத் திரும்பத் திரட்டி உருண்டைகளாக்குவதால் சரிவு மெதுவாகும், நிற்காது. ஆழமான தொட்டியும் முதல் நாளே போட்ட பியூமிஸும் கைகொடுப்பது இங்கேதான்.

நோய் விஷயத்தில் நான் சமரசம் சொல்ல மாட்டேன். மூடாக்கு ஈரத்தில் மொய்க்கும் சிறு கறுப்புக் கொசுக்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1976ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியா வகை, சுருக்கமாக பி.டி.ஐ., நீரில் கலந்து ஊற்றினால் அவற்றின் புழுக்களை அடக்கும். மண்ணில் வேட்டையாடும் உண்ணிகளும் உதவும். ஃபுசேரியம் என்ற மண் பூஞ்சையால் வாடல் நோய் வந்த தொட்டி வேறு கதை. அதன் உறங்கு வித்துகள் வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். புது வேர் பழைய வழியில் இறங்குகிறது என்று சொன்னேனே, நோயுற்ற தொட்டியில் அதே வழி நேராகக் கிருமியிடம் கொண்டுபோய் விடும். 2019ல் கஞ்சாவில் கண்டறியப்பட்ட, செடியைக் குறுகவைக்கும் ஹாப் லேட்டன்ட் வைராய்டும் (வைரஸைவிடச் சிறிய நோய்க்காரணி) அப்படித்தான். அது வேரிலும் இருக்கும், அந்த வேரை நாம் உள்ளேயே விட்டு வைக்கிறோம். செடியின் தூரை அறுத்தபோது உள்தண்டு பழுப்பேறியிருந்தாலோ, காரணமில்லாமல் குறுகிப்போன செடி என்று சந்தேகம் இருந்தாலோ, அந்தத் தொட்டியில் அடுத்த நாற்றை நடாதீர்கள். வேரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி பிடித்த தொட்டிக்கும் இதேதான். வெட்டிய கத்தியையும் அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோகும் முன் சுத்தம் செய்யுங்கள்.

அப்படி விலக்கிய மண்ணில் நோய் இருந்தால் அது எந்தச் செடிக்கும் பக்கத்தில் போகக் கூடாது. நோயில்லாமல், வெறுமனே உப்பும் மணிச்சத்தும் ஏறி ஓய்ந்த மண் என்றால், கனஉலோகச் சோதனையில் தேறியிருந்தால், அதை வெளியே எடுத்துத் தோட்டத்து மரத்தடியில் மெல்லியதாகப் பரப்பலாம். அங்கே மழை அதைக் கழுவும், சேர்ந்துபோன மணிச்சத்தை மரத்தின் வேர் நிதானமாக எடுத்துக்கொள்ளும். தொட்டியிலிருந்து கிளம்பும் முன் மேல்மண்ணை மட்டும் ஒரு வாளியில் தனியாக அள்ளி வையுங்கள். அடுத்த புதுக் கலவையின் மேல் அதைப் பரப்பினால், மண்புழு முட்டைகளும் பூஞ்சை வித்துகளும் அதோடு குடிபெயர்ந்துவிடும்.